தேய்ந்த டயரைப் படித்துவிட்டுப் புது டயர் வாங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டொங்காட், ஸ்டேங்கர் பக்கம் கரும்புத் தோட்டப் பாதையில் ஓடும் பக்கி என்ற சின்ன லாரியின் டயரும், சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் துறைமுகத்துக்குத் தார் ரோட்டில் மட்டும் போய்வரும் பக்கியின் டயரும் ஒரே மாதிரி தேய்வதில்லை. கடைக்காரர் இரண்டு வண்டிக்கும் ஒரே டயரைக் காட்டினால் ஒருவருக்காவது அது தவறான டயராகத்தான் இருக்கும். எது உங்களுக்கு வேண்டும் என்பதைக் கழற்றப்போகும் பழைய டயரே பெரும்பாலும் சொல்லிவிடும். அதைப் பார்க்கத் தெரியாமல் புதுசை மாட்டினால், பழைய டயரைத் தின்ற அதே கோளாறு புது டயரையும் தின்னும்.

பின்புறம் திறந்த தொட்டி வைத்த சின்ன லாரியைத்தான் தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் பக்கி என்கிறோம். டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில் தயாராகும் டொயோட்டா ஹைலக்ஸ், வேறு ஊர்களில் தயாராகும் ஃபோர்டு ரேஞ்சர், இசுசு டி-மேக்ஸ் எல்லாம் இந்த வகை. கீழே சொல்வது இவற்றுக்கும், இதே அடிச்சட்டத்தில் வரும் ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளுக்கும் பொருந்தும்.

எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவது?

தென்னாப்பிரிக்கச் சாலை விதிப்படி பட்டன்களுக்கு (தரையில் படும் ரப்பர்க் கட்டைகளுக்கு) இடையே உள்ள பள்ளம் குறைந்தது 1 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். டயர் ஆலைகள் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன ரப்பர் மேடு வைத்திருக்கும். அதன் உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மேடு எங்கே என்று தேட வேண்டியதில்லை. பக்கச்சுவரின் மேல் ஓரத்தில் ஒரு சிறிய முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் பாருங்கள்.

ஆனால் சட்டம் சொல்லும் எண்ணை வைத்துக்கொண்டு காட்டுப் பாதையில் வண்டி ஓட்ட முடியாது. எல்லாத் தரைக்குமான புது ஆல்-டெரெய்ன் டயரில் பள்ளம் 10 முதல் 13 மி.மீ. வரை இருக்கும், சேற்று டயரில் 14 முதல் 16. சேற்றில் பிடி கிடைப்பது பட்டன் மண்ணுக்குள் இறங்கிக் கவ்வுவதால். பள்ளம் பாதியானால் மண் அதில் அடைத்துக்கொண்டு டயர் மழமழவென்று ஆகிவிடும். ஆகவே மழைக்காலச் செம்மண் பாதையில் ஓட்டுபவர் 5 அல்லது 6 மி.மீ.யிலேயே மாற்றத் தயாராக வேண்டும். தார் ரோட்டில் மட்டும் ஓடும் வண்டிக்கு 3 மி.மீ. வரை போகலாம். அதற்குக் கீழே போனால் டர்பன் கோடைமழையில் நெடுஞ்சாலையில் தேங்கும் தண்ணீரை டயரால் வெளியே தள்ள முடியாது. வண்டி தண்ணீரின் மேல் மிதக்கும், ஸ்டியரிங் கைக்கு வெறுமையாகத் தெரியும். இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. பள்ளம் குறைந்தால் கல்லுக்கும் கம்பி இழைக்கும் நடுவே இருக்கும் ரப்பரும் குறைகிறது. மொட்டை டயரில் பங்சர் அடிக்கடி வருவது அதனால்தான்.

அளக்க ஒரு சின்ன ஆழமானி போதும். வண்டிச் சாமான் கடையில் கிடைக்கும். டயரின் அகலத்தில் மூன்று இடம்: உள்ஓரம், நடு, வெளிஓரம். இதையே சுற்றளவில் நான்கு இடத்தில் செய்யுங்கள். ஒரு டயருக்குப் பன்னிரண்டு எண்கள். தாளில் தேதியோடு எழுதி வையுங்கள், பின்னால் உதவும். உள்ஓரத்தை அளக்க ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்ப வேண்டும். வெளியே நன்றாகத் தெரியும் டயர் உள்ளே கம்பி தெரியத் தேய்ந்திருப்பது சாதாரணம்.

தேய்மானம் சொல்லும் காரணம்

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். சுமை ஏற்றும்போது 3 பார் (காற்றழுத்த அலகு) அடித்துவிட்டு, இறக்கிய பிறகும் அப்படியே மாதக்கணக்கில் ஓட்டும் பக்கிகளின் பின் டயரில் இது நிச்சயம் தெரியும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவு. இது முன்னதைவிட ஆபத்தானது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது. அந்த வளைவு வெப்பமாகிறது. வெப்பத்தில் கம்பி அடுக்கும் ரப்பரும் பிரிந்து, நெடுஞ்சாலை வேகத்தில் பட்டன் பட்டை மொத்தமாக உரிந்துவிடும்.

ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வுக் கோணம் தவறு. வண்டியை உயர்த்த ஸ்பிரிங் மாற்றியவர்களுக்கு இது பெரும்பாலும் வரும். உயர்த்திய அன்றே அலைன்மென்ட் பார்க்காமல் விட்டதன் விளைவு. பட்டன்களின் மேல் உள்ளங்கையை குறுக்கே ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் பட்டால் முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கின்றன என்று பொருள். இங்கும் அங்கும் குழி விழுந்தது போல் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது, அல்லது பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது.

பெரிய பட்டன் கொண்ட டயர்களில் அதிகமாக வரும் ஒரு தேய்மானம் உண்டு. ஒவ்வொரு பட்டனின் ஒரு விளிம்பு உயரமாகவும் மறு விளிம்பு தாழ்வாகவும், படிக்கட்டு போல இருக்கும். சக்கரங்களை இடம் மாற்றாமல் ஒரே மூலையில் ஓட விட்டதால் வருவது. ஓட்டும்போது பேரிங் போனது போல ஊளைச் சத்தம் வரும். பேரிங்கை மாற்றியும் சத்தம் நிற்கவில்லை என்று தவிப்பவர்கள் முதலில் டயரைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும்.

பட்டன்களில் துண்டு துண்டாக ரப்பர் பிய்ந்திருந்தால் அது சரளையின் வேலை. தார் ரோட்டு அழுத்தத்தைக் குறைக்காமல் சரளையில் வேகமாகப் போவதும், ஏற்றத்தில் சக்கரத்தைச் சுழல விடுவதும் காரணம். மேற்குக் கேப்பின் சேரீஸுக்கும் வடக்குக் கேப்பின் கால்வினியாவுக்கும் நடுவே டாங்க்வா கரூ வழியாகப் போகும் ஆர்355 பாதையின் கூரான பலகைக்கல் இதற்குப் பேர்போனது. கரும்புத் தோட்டத்தில் ஆபத்து வேறு மாதிரி: ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை வெட்டும் பருவத்தில், சாய்வாக வெட்டிய அடிக்கட்டை ஈட்டிபோல் நிற்கும். பாதையை விட்டு வயலுக்குள் இறங்கித் திரும்பும்போது அது பக்கச்சுவரில்தான் ஏறும். சூலுலாந்து முள்மரமும் அப்படித்தான்.

பக்கச்சுவர் வெட்டைப் பற்றி உறுதியாகச் சொல்ல வேண்டும். நடுப் பட்டனில் 6 மி.மீ.க்குள் இருக்கும் ஓட்டையை உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டு வைத்து நிரந்தரமாக அடைக்கலாம். வெளியிலிருந்து செருகும் பசைத்திரி வீடு வந்து சேரத்தான். பக்கச்சுவரில் விழுந்த ஓட்டையை எந்தக் கடையும் ஒட்டக்கூடாது, ஒட்டித் தருகிறேன் என்றாலும் நம்பாதீர்கள். ஓடும்போது இடைவிடாமல் வளையும் பகுதி அது. வெட்டுக்குள் நூல் தெரிந்தாலும், பக்கச்சுவர் ஓரிடத்தில் முட்டைபோல் வீங்கியிருந்தாலும் உள்ளே இழை அறுந்துவிட்டது. பட்டன் 10 மி.மீ. இருந்தாலும் அந்த டயர் அன்றோடு முடிந்தது.

வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த தேதி: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். முழுக் குறி டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், மறுபக்கமும் குனிந்து பாருங்கள். ஐந்து வயதுக்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை வெடிப்புப் பார்க்க வேண்டும். பத்து வயதானால் பட்டன் எப்படி இருந்தாலும் கழித்துவிட வேண்டும். இதில் அதிகம் ஏமாற்றுவது ஸ்பேர் வீல். தரையையே தொடாததால் புதுசு போல இருக்கும், ஆனால் தொட்டிக்கு அடியில் சைலன்சர் சூட்டிலும் சேற்றிலும் பத்து வருடம் தொங்கியிருக்கும்.

எண்களைப் படிப்பது

ஹைலக்ஸில் பரவலாக வரும் அளவு 265/65ஆர்17. அகலம் 265 மி.மீ.; பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 65 சதவீதம், அதாவது 172 மி.மீ.; ஆர் என்பது ரேடியல்; ரிம் 17 அங்குலம், 432 மி.மீ. மொத்த விட்டம்: 172 + 432 + 172 = 776 மி.மீ.

அதே ரிம்மில் கொஞ்சம் உயரமாக வேண்டுமென்று பலர் 265/70ஆர்17 போடுவார்கள். விட்டம் 803 மி.மீ. ஆகிறது, 3.4 சதவீதம் அதிகம். வண்டியின் அடிவயிறு 13 மி.மீ.தான் உயரும். ஒரே சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போவதால் ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட உண்மை வேகம் 3.4 சதவீதம் கூடும். இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். சில வண்டிகளில் முழுக்கத் திருப்பும்போது மண்காப்பில் உரசும். வண்டி ஒரே சமநிலையில் இருக்கும்போது உரசவில்லை என்று திருப்திப்படாதீர்கள். ஒரு சக்கரம் மேட்டில் ஏறி ஸ்பிரிங் அமுங்கியிருக்கும்போது திருப்பிப் பார்க்க வேண்டும். முதல் தடவை வாங்குபவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவிலேயே இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

அளவுக்குப் பின்னால் 112எஸ் என்பது போல வரும். 112 என்பது சுமை எண். ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், க்யூ என்றால் 160. அட்டையில் உள்ள சுமை எண்ணுக்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. பின் அச்சில் 1,700 கிலோ வரும் என்று வைத்துக்கொண்டால் டயருக்கு 850 ஆகிறது, 112 தாராளம். ஆனால் அந்த 1,120 கிலோவை ரப்பர் தாங்குவதில்லை, உள்ளே அடைத்த காற்றுதான் தாங்குகிறது. காற்றைக் குறைத்தால் தாங்கும் சக்தியும் குறையும். மணலுக்காக 1 பாருக்கு இறக்கிய டயரில் முழுச் சுமையோடு வேகம் போகக்கூடாது என்பதன் காரணம் இதுதான்.

எல்.டி. என்று எழுத்து இருந்தால் லாரி வகைக் கட்டுமானம். 121/118எஸ் போல இரண்டு சுமை எண் வரும்: ஒற்றைச் சக்கரமாக மாட்டினால் 1,450, ஒரே பக்கம் இரட்டையாக மாட்டினால் ஒவ்வொன்றுக்கும் 1,320 கிலோ. பக்கச்சுவர் கெட்டி, கூரான கல்லுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். ஆனால் எடை கூடும், வெறும் வண்டியில் குலுக்கும், டீசல் கொஞ்சம் அதிகம் போகும். கதவு அட்டையில் உள்ள அழுத்தம் இதற்குப் போதாது. அதே சுமையைத் தாங்க ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பார் கூடுதலாக வேண்டும். பழைய அழுத்தத்திலேயே ஓட்டி, இரண்டு ஓரமும் தேய்த்துவிட்டு டயர் மட்டம் என்று திட்டுபவர்கள் நிறைய.

எந்த வகை?

தார் ரோட்டு வகையை ஹெச்.டி. என்பார்கள், எல்லாத் தரைக்குமானது ஏ.டி., சேற்றுக்கானது எம்.டி. வாரத்தில் ஆறு நாள் தார், மாதம் ஒரு தடவை மாமனார் பண்ணைக்குச் சரளை என்றால் ஹெச்.டி. போதும். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். பெரிய பட்டனின் கம்பீரம் வேறு. ஆனால் நனைந்த தாரில் எம்.டி. டயரின் பிரேக் தூரம் கண்டிப்பாக நீளும், சீக்கிரம் தேயும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் காதை அடைக்கும்.

சரளையும் தாரும் பாதிப் பாதியென்றால் ஏ.டி.தான், தயங்க வேண்டாம். அண்டர்பெர்க்கிலிருந்து சானி கணவாய் ஏறி, சுமார் 2,870 மீட்டர் உயரத்தில் லெசோத்தோவுக்குள் நுழைபவர்களுக்கும் அதுவே. குளிர்காலத்தில் அங்கே பனியும் உறைந்த தண்ணீரும் இருக்கும் என்பதால் பக்கச்சுவரில் மலையும் பனித்துகளும் பொறித்த ஏ.டி. கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கோசி முகத்துவாரத்தின் ஆழமான மணலுக்கு எம்.டி. வேண்டும் என்பது தவறான எண்ணம். பெரிய பட்டன் மணலைத் தோண்டி வண்டியைப் புதைக்கும். காற்றைக் குறைத்த ஏ.டி. மேலே படர்ந்து போகும். எம்.டி. அவசியப்படுவது, மழையிலும் தினமும் களிமண் ஏற்றத்தில் வண்டியை எடுத்தாக வேண்டியவர்களுக்கு மட்டும்.

இரண்டா, நான்கா, ஐந்தா?

முடிந்தால் ஐந்து. முடியாவிட்டால் நான்கு, பழையதில் நல்லதை ஸ்பேராக வைத்துக்கொண்டு. இரண்டு மட்டும் வாங்க முடிகிறது என்றால் புதுசு பின்னால் போக வேண்டும். முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

நான்கு சக்கர இயக்க வண்டியில் ஒரு கட்டுப்பாடு கூட உண்டு. முன்னும் பின்னும் பட்டன் ஆழ வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்கட்டும். 3 மி.மீ. என்றால் விட்டத்தில் 6 மி.மீ.; 776 மி.மீ. டயரில் இது 0.8 சதவீதம். இரண்டு அச்சையும் பூட்டி ஓட்டும்போது ஒரு கிலோமீட்டருக்கு 7, 8 மீட்டர் கணக்கு இடிக்கும். மணலில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டும். காய்ந்த கெட்டித் தரையில் வழுக்க வழியில்லாமல் கியரும் ஷாஃப்டும் முறுக்கேறும்.

செகண்ட்ஹேண்ட் டயர் வாங்கினால் பள்ளத்தின் அடியைப் பாருங்கள். சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி விற்பது உண்டு. அப்படி வெட்டியதில் 1.6 மி.மீ. மேடு காணாமல் போயிருக்கும், அல்லது அதுவும் வெட்டுப்பட்டிருக்கும். தொடாதீர்கள்.

கடையில் மாட்டும்போது கூடவே நில்லுங்கள். ஐந்திலும் தேதிக் குறியைப் படியுங்கள். ரப்பர் வால்வு புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய வால்வில் காற்றுக் கசிந்து புது டயர் கெடும். ரிம் விளிம்பில் துருவும் காய்ந்த சேறும் இருந்தால் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். பேலன்சிங், பிறகு அலைன்மென்ட். நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முடித்துவிட்டால் போதாது. வழியில் பங்சரானால் உங்கள் கையில் இருக்கும் ஸ்பேனருக்கு அது அசையாது. கடைசி இறுக்கம், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால். பெரும்பாலான பக்கிகளுக்கு 100 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும். சரியான எண் வண்டிக் கையேட்டில் இருக்கிறது.

வழியில் நீங்களே மாற்றுவது

கெட்டியான சமதளம் வரும்வரை, ரிம் கெட்டாலும் பரவாயில்லை, மெதுவாக ஓட்டிப் போய் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக், முதல் கியர், மூலைக்கு மூலை எதிரான சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். ஸ்பேரை முதலில் இறக்கி, வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே படுக்க வையுங்கள். ஜாக்கி நழுவினால் வண்டி அதன் மேல் உட்காரும், உங்கள் மேல் அல்ல.

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆறு நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முயன்றால் வண்டி ஆடி ஜாக்கி சாயும். பின்பக்கம் ஜாக்கியின் இடம் அச்சுக்குழாய்க்கு அடியில், ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில். முன்பக்கத்துக்குக் கையேடு காட்டும் இடம். மணலென்றால் ஜாக்கிக்கு அடியில் 30 செ.மீ. சதுரக் கனமான பலகை ஒன்று இல்லாமல் வேலை நடக்காது. காற்றுப் போன டயரை எடுக்கும் உயரம் நல்ல டயரை மாட்டப் போதாது, இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும்.

மாட்டும்போது நட்டின் கூம்புப் பக்கம் ரிம்மை நோக்க வேண்டும். அலாய் ரிம் நட்டும் இரும்பு ரிம் நட்டும் சில வண்டிகளில் வேறு அமைப்பு. உங்கள் ஸ்பேர் இரும்பா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். நட்சத்திர வரிசையில், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்கி, இறக்கிவிட்டு மறுபடி ஒரு சுற்று.

தொட்டிக்கு அடியில் ஸ்பேரைத் தாங்கும் சங்கிலி துருவேறிச் சிக்கிக்கொள்வது கடற்கரை ஊர்களில் அடிக்கடி நடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, கிரீஸ் தடவி, ஸ்பேரின் காற்றையும் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

காற்று

அட்டையில் உள்ள அழுத்தம் குளிர்ந்த டயருக்கானது, காலையில் கிளம்பும் முன் அளப்பது. அதை தாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். சரளைக்கு 1.6 முதல் 1.8 பார், வேகம் 60 முதல் 80. மணலுக்கு 1.2, புதைந்தால் 0.8 வரை, அப்போது 30க்கு மேல் போகாமல், கூர்மையாகத் திருப்பாமல் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் தொட்டதும் காற்றை ஏற்றுங்கள். எரிபொருள் நிலையம் வரை இப்படியே போகலாம் என்று நினைத்த இருபது கிலோமீட்டரில்தான் பல நல்ல டயர்கள் உள்ளுக்குள் வெந்து போகின்றன. வண்டியில் ஒரு சின்ன கம்ப்ரசர் இல்லாமல் மணலுக்குப் போகாதீர்கள்.

புது டயரின் மேல் அச்சு வார்ப்பு எண்ணெய்ப் பூச்சு இருக்கும். முதல் 200, 300 கிலோமீட்டர் ஈரத்தில் நிதானம் வேண்டும். மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

பிறகு 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்து சக்கரத்தையும் இடம் மாற்றுங்கள்: ஸ்பேர் வலது பின்னுக்கு, வலது பின் வலது முன்னுக்கு, வலது முன் இடது பின்னுக்கு, இடது பின் இடது முன்னுக்கு, இடது முன் ஸ்பேருக்கு. ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயரென்றால் பக்கம் மாற்றாமல் முன்பின் மட்டும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பன்னிரண்டு எண்ணையும் எடுத்து, பழைய தாளோடு ஒப்பிடுங்கள். 12 மி.மீ.யில் தொடங்கிய டயர் 8,000 கிலோமீட்டரில் 1.5 மி.மீ. இழந்தால், 3 மி.மீ. வரை மீதம் உள்ள ஒன்பதில் ஆறு தவணை: 48,000 கிலோமீட்டர். ஓரம் 1.5, நடு 2.5 என்று எண்கள் பிரிந்தால் தவணை முடியக் காத்திருக்காமல் அன்றே காற்றைச் சரிபாருங்கள்.